கைப்பேசி ஒப்பந்தமும் விலகற் கட்டணமும்

(அரியாங்குப்பத்தில் மகளிர் சுய உதவிக் குழுவினரும் மீனவப் பெருமக்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



அரியாங்குப்பம் வாணிபத்திற்குப் புதிய ஊரன்று. ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வாய்வு, ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ரோமாபுரி நாட்டு மதுச்சாடிகளும் மட்பாண்டங்களும் இத்துறையில் வந்திறங்கின என்பதை உலகறியச் செய்தது. அத்தகைய ஊராருக்குக் கொடுக்கல் வாங்கல் கற்பிக்க நாம் வரவில்லை. வீராம்பட்டினத்தில் மீன் ஏலம் நடக்கும்போது அருகே நின்று பார்த்தால், அங்குள்ள தாய்மார்களிடம் நாம்தான் பாடம் கேட்க வேண்டும் என்பது விளங்கும். ஒரு கூடை மீனைப் புரட்டிப் பார்க்காமல் அவர்கள் விலை சொல்வதில்லை. ஆயினும் அதே தாய்மார்கள் கைப்பேசிக் கடைக்குச் சென்றால், அச்சடித்த தாளைப் புரட்டிப் பாராமலே கையொப்பமிட்டு விடுகின்றனர். தாளும் இல்லாமல், கண்ணாடித் திரையில் விரலை வைத்தாலே சம்மதம் என்று ஆகிவிட்ட காலம் இது. ஆகவே, அந்தத் தாளில் என்ன இருக்கிறது, அதிலும் குறிப்பாக 'இடையில் விலகினால்' என்று தொடங்கும் ஷரத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியே இன்று பேசக் கருதுகிறோம்.

விலகற் கட்டணம் என்பது என்ன? ஒரு நிறுவனம் உங்களுக்குக் கைப்பேசியைக் குறைந்த விலைக்கோ, விலை வாங்காமலோ கொடுக்கிறது. அதன் உண்மை விலையை இரண்டு மூன்று ஆண்டுகளில் மாதக் கட்டணத்தின் வழியாகத் திரும்பப் பெறலாம் என்பது அதன் கணக்கு. நீங்கள் ஆறாவது மாதமே வேண்டாமென்று சொல்லி விலகினால் அந்தக் கணக்கு உதைக்கும். அந்த நஷ்டத்தை உங்களிடமே பெறுவதற்காக முன்கூட்டியே ஒரு தொகையை எழுதி வைத்து விடுகின்றனர். இதில் தவறு ஒன்றுமில்லை. பொருளைப் பெற்றவர் அதற்குரிய விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். தவறு எங்கே நுழைகிறதென்றால், அந்தத் தொகை நஷ்டத்தின் அளவை மீறி, போக நினைப்பவரைப் போகவிடாமல் பூட்டி வைக்கும் தளையாக மாறும்போதுதான் நுழைகிறது.

அமெரிக்க நாட்டில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது தெளிவாகும். 2009-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெரைசன் என்னும் நிறுவனம் உயர்தரக் கைப்பேசிகளுக்கு விலகற் கட்டணத்தை 350 டாலர் என்று உயர்த்தியது. மாதந்தோறும் 10 டாலர் வீதம் அது குறைந்து வரும் என்றும் அறிவித்தது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் ஒப்பந்தமோ 24 மாதம். 23 மாதம் ஒழுங்காகப் பணம் கட்டியவர் கடைசி மாதத்தில் விலகினால் 230 டாலர் கழிந்து இன்னும் 120 டாலர் கட்ட வேண்டியவராகிறார். ஒரு மாதம் எஞ்சியிருக்கையில் 120 டாலர் நஷ்டம் எங்ஙனம் வந்தது? அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமும் இதற்கு விளக்கம் கேட்டது. கட்டணம் குறைகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, ஒப்பந்தம் முடியும் நாளில் அது ஒன்றுமில்லாமல் போகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்சில் பிள்ளைகளும் உறவினரும் உண்டு. அவர்களைக் கேட்டால் அந்நாட்டு நிலையைச் சொல்வார்கள். அங்கே 24 மாதக் கட்டு வழக்கமாயிருந்தது. 2008-ஆம் ஆண்டு ஜனவரியில் இயற்றப்பட்ட ஷத்தேல் சட்டம், 12 மாதம் கழிந்த பின்னர் விலகுகிறவரிடம், எஞ்சிய மாதங்களுக்குரிய தொகையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வாங்கலாகாது என்று வரம்பு கட்டியது. மாதம் 30 யூரோ கட்டுகிறவர் 14 மாதம் முடிந்து விலகினால் எஞ்சியது 300 யூரோ. அவர் கொடுக்க வேண்டியது 75 யூரோவுக்கு மேற்படாது. பின்னர் 2012 ஜனவரி 10-ஆம் நாள் ஃப்ரீ என்னும் நிறுவனம், எவ்விதக் கட்டுமின்றி மாதம் 19.99 யூரோவுக்குச் சேவை தருவதாகச் சந்தையில் புகுந்தது. சட்டம் நான்கு ஆண்டுகளில் தளர்த்திய முடிச்சைப் போட்டி சில மாதங்களில் மேலும் தளர்த்தியது என்றே சொல்லலாம்.

நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே மிகப் பெரும்பாலோர் முன்கூட்டிப் பணம் செலுத்திப் பேசுகிறவர்கள். கைப்பேசியை ஒரு கடையிலும் சிம் அட்டையை இன்னோரிடத்திலும் வாங்குகிறோம். ஆகையால் மேனாட்டாரைப் போல ஈராண்டுக் கட்டில் நாம் பொதுவாகச் சிக்கவில்லை. எனினும் அந்த முறை நம் நாட்டில் எட்டிப் பார்க்காமல் இல்லை. 2003-ஆம் ஆண்டில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் நிறுவனம் 501 ரூபாயை முதலில் கொடுத்தால் கைப்பேசி கையில் என்று அறிவித்ததும், மக்கள் திரண்டு சென்று வாங்கியதும் பலருக்கு நினைவிருக்கலாம். மீதி விலை மாதாமாதம் பின்தொடர்ந்து வந்தது.

அதைவிட நமக்கு அணுக்கமான எடுத்துக்காட்டு 2017-ஆம் ஆண்டின் ஜியோபோன். அவ்வாண்டு ஜூலை 21-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட அந்தக் கைப்பேசியின் விலை நடைமுறையில் சுழியம் என்று சொல்லப்பட்டது. 1,500 ரூபாய் பிணைத்தொகை கட்ட வேண்டும், மூன்றாண்டு கழித்துக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தால் அத்தொகை முழுவதும் திரும்பி வரும் என்பது ஏற்பாடு. ஆகஸ்ட் 24-ஆம் நாள் முன்பதிவு தொடங்கியது. முன்பதிவின்போது 500 ரூபாயும் கைப்பேசியைப் பெறும்போது 1,000 ரூபாயும் மக்கள் கட்டினர். செப்டம்பரில் ஷரத்துக்கள் வெளிவந்து செய்தித்தாள்களில் பேசப்பட்டன. ஆண்டுக்குக் குறைந்தது 1,500 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும். முதலாண்டிலேயே திருப்பிக் கொடுப்பவர் 1,500 ரூபாயும் அதன்மேல் சரக்கு சேவை வரியும் கட்ட வேண்டும். இரண்டாம் ஆண்டில் 1,000 ரூபாயும் வரியும். மூன்றாம் ஆண்டில் 500 ரூபாயும் வரியும்.

இதைச் சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். எட்டாவது மாதம் இது வேண்டாமென்று திருப்பியவருக்குப் பிணைத்தொகை முழுவதும் கட்டணத்துக்கே சரியாகப் போய், வரி மாத்திரம் பாக்கி நிற்கும். மூன்றாண்டு பொறுத்தவரோ 1,500 ரூபாயைத் திரும்பப் பெறுவதற்குக் குறைந்தது 4,500 ரூபாய் ரீசார்ஜில் செலவிட்டிருப்பார். இந்தக் கட்டணம் ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கு குறைந்து இறுதியில் இல்லாமலே போயிற்று என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். மேலே கூறிய அமெரிக்க ஏற்பாட்டைவிட இது ஒழுங்கானது. பேசுவதற்கும் படம் பார்ப்பதற்கும் எப்படியும் அவ்வளவு செலவிடுகிறவருக்கு இதனால் நஷ்டமும் இல்லை. ஆனால் சுழியம் என்ற சொல் பெரிய எழுத்திலும் 1,500, 1,000, 500 என்ற எண்கள் சிறிய எழுத்திலும் இருந்தன. முன்பதிவுக்குக் கூட்டம் கூடியது பெரிய எழுத்தைக் கண்டுதான்.

அந்த ஏற்பாடு பழைய கதையாயிற்று. இன்று நம் வீடுகளில் விலகற் கட்டணம் வேறு வேடங்களில் வருகிறது. பெயர் மாறியிருப்பதால் அதை நாம் அடையாளங் காண்பதில்லை.

முதலாவது, ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகச் செய்யும் ரீசார்ஜ். 28 நாளுக்கு ஒருமுறை செய்தால் ஆண்டுக்கு 13 முறை செய்ய வேண்டியிருக்கிறதே, ஒரேயடியாக 365 நாளுக்குச் செய்தால் மலிவாயிற்றே என்று எண்ணுகிறோம். கணக்குச் சரிதான். ஆனால் இரண்டு மாதம் சென்றபின் வீட்டுக்குள் கோபுர அலை எட்டவில்லை, தெருவுக்கு வந்தால்தான் பேச முடிகிறது என்று கண்டால் என்ன செய்வது? வேறு நிறுவனத்துக்கு மாறலாம், ஆனால் எஞ்சிய பத்து மாதத்துக்கு முன்பே கட்டிய பணம் உடன் வராது. எந்த ஷரத்திலும் அபராதம் என்று எழுதாமலே அபராதம் செலுத்திவிட்டோம்! ஆகையால் புதிய நிறுவனத்துக்குப் போகிறவர்கள் முதலில் ஒரு மாத ரீசார்ஜோடு நிறுத்தி, வீட்டு அடுக்களையிலும் படகுத் துறையிலும் வயலிலும் பேசிப் பார்த்த பிறகே ஆண்டுப் பணத்தைக் கட்ட வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் காலமுள்ள திட்டம் ஒன்றேனும் வைத்திருக்க வேண்டுமென்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜனவரியில் கட்டளையிட்டிருக்கிறது. இணையம் வேண்டாத முதியோருக்காகப் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டமும் இருக்க வேண்டுமென்று 2024 டிசம்பரில் விதி செய்தது. கடைக்காரர் காட்டும் முதல் அட்டையில் இவை இல்லாமற் போகலாம், கேட்டு வாங்க வேண்டும். வீட்டுக்குக் கம்பிவழி இணைய இணைப்பு வாங்கும்போது ஆறு மாதம், ஓராண்டு என்று முன்பணம் கேட்பதும் இதே வகைதான்.

இரண்டாவது, மாத முடிவில் பில் வரும் இணைப்பு. இதில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒரு திட்டத்தில் சேர்ந்த நாள் முதல் ஆறு மாதத்துக்கு அத்திட்டத்தை உங்களுக்குக் கிடைக்கும்படி வைத்திருக்க நிறுவனம் கடமைப்பட்டது, அந்த ஆறு மாதத்துக்குள்ளேயும் வேறு திட்டத்துக்கு மாற உங்களுக்கு உரிமை உண்டு என்பது ஆணையத்தின் கட்டணக் கட்டளை. அதாவது ஆறு மாதக் கட்டு நிறுவனத்துக்கே அன்றி உங்களுக்கு அன்று. கடையிலுள்ள இளைஞர் இதைத் தலைகீழாகச் சொன்னால் பணிவோடு மறுத்துக் கூறுங்கள்.

நிறுவனத்தையே மாற்றும் உரிமை 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. எண் மாறாமலே நிறுவனம் மாறலாம். தொடக்கத்தில் ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மட்டும் இருந்த இவ்வுரிமை, 2015 ஜூலை 3 முதல் வட்டம் விட்டு வட்டம் செல்வோருக்கும் கிடைத்தது. நம் புதுச்சேரிக்கு இதில் ஒரு விசித்திரம் உண்டு. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டு வட்டத்தைச் சேர்ந்தவை. மாஹே கேரள வட்டத்திலும் ஏனாம் ஆந்திர வட்டத்திலும் அடங்கும். ஒரே ஆட்சிப் பகுதிக்குள் அரியாங்குப்பத்திலிருந்து மாஹேவுக்கு வேலை மாற்றமாகிச் செல்லும் அரசு ஊழியர், தொலைபேசிக் கணக்கில் வேறு மாநிலத்துக்குச் சென்றவராகிறார்! 2015-க்குப் பிறகு அவரும் பழைய எண்ணையே வைத்துக்கொண்டு அங்குள்ள நிறுவனத்துக்கு மாறலாம்.

மாறும் முறை எளிது. 'போர்ட்' என்னும் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் பத்திலக்க எண்ணையும் எழுதி 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் எட்டெழுத்துக் குறியீடு ஒன்று வரும். அது நான்கு நாள் செல்லும். அதற்குள் புதிய நிறுவனத்தின் கடையில் கொடுக்க வேண்டும். வட்டத்துக்குள் மூன்று வேலை நாளிலும் வட்டம் கடந்தால் ஐந்து வேலை நாளிலும் மாற்றம் முடியும். ஆனால் அந்த இணைப்பில் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும். கெடு கடந்த பில் பாக்கி இருக்கலாகாது. இன்னொரு நிபந்தனையையும் விதிகள் சொல்கின்றன. உங்கள் ஒப்பந்தத்தில் விலகுவதற்கென்று ஒரு ஷரத்து எழுதப்பட்டிருந்து, அதை நீங்கள் நிறைவேற்றாமல் இருந்தால் மாற்றத்தை மறுக்கலாம். மேலே சொன்ன சிறிய எழுத்து இங்கே வந்துதான் வழிமறிக்கிறது. அப்படி மறுத்தால் எந்த ஷரத்து, எந்தத் தாளில், எந்த நாளில் ஒப்புக்கொண்டது என்று எழுத்தில் கேளுங்கள். மாறிய பிறகு பழைய நிறுவனத்திடமிருந்து கடைசி பில் ஒன்று வரும். இனி நமக்கும் அவர்களுக்கும் என்ன என்று அதைக் கிழித்தெறிந்து விடாதீர்கள். அது கட்டப்படாவிட்டால், புதிய நிறுவனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணையே நிறுத்தும்படி பழைய நிறுவனம் கேட்க விதியில் இடமுண்டு.

மூன்றாவதுதான் இக்கூட்டத்தில் நாம் அதிகம் பேச வேண்டியது. அது தவணைக் கைப்பேசி.

நாம் கடையில் கைப்பேசி வாங்குகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கே இரண்டு காரியங்கள் நடைபெறுகின்றன. கடைக்காரரிடம் கைப்பேசியை முழு விலைக்கு வாங்குகிறோம். அதே வேளையில், அந்த விலையைக் கட்டுவதற்காக, அங்கே மேசை போட்டு அமர்ந்திருக்கும் நிதி நிறுவனத்தாரிடம் கடன் பெறுகிறோம். இவ்விரண்டும் வெவ்வேறு ஒப்பந்தங்கள். இதை அறியாமையால், கட்ட முடியாதபோது கைப்பேசியைக் கொண்டுபோய்க் கடையில் வைத்துவிட்டால் விவகாரம் தீர்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். தீராது. கைப்பேசியைக் கொடுத்தாலும், அது ஆற்றில் விழுந்தாலும், திரை உடைந்தாலும் கடன் கடனாகவே நிற்கும். ஜியோபோனில் திருப்பிக் கொடுக்கவேனும் ஒரு வழி இருந்தது. இங்கே அந்த வழியும் இல்லை.

ஒரு மீனவக் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அக்டோபரில் 15,000 ரூபாய்க் கைப்பேசி ஒன்றை வட்டியில்லாத் தவணையில், மாதம் 1,250 ரூபாய் வீதம் 12 தவணைக்கு வாங்குகின்றனர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஆறு தவணை ஒழுங்காகப் போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை. மே மாதத் தவணை நாளன்று வங்கிக் கணக்கில் பணமில்லை. தவணை தானாக எடுக்கப்பட முயன்று திரும்புகிறது. திரும்பியதற்கு நிதி நிறுவனம் ஒரு கட்டணமும் வங்கி ஒரு கட்டணமும் போடுகின்றன. முன்னது 500 ரூபாய், பின்னது 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு மாதத்துக்கு 750 ரூபாய், ஜூனும் அவ்வாறே ஆனால் 1,500 ரூபாய். 1,250 ரூபாய்த் தவணை இரண்டு தவறியதற்கு ஒரு தவணைக்கு மேலான அபராதம்! இதுபோக, கடன் வரலாற்றுப் பதிவில் ஒரு கறை. நாளை அதே குடும்பம் படகுக்கோ வீட்டுக்கோ வங்கிக் கடன் கேட்கும்போது அந்தக் கறை முன்னே வந்து நிற்கும்.

அப்படியானால் தடைக்காலத்துக்கு முன்பே கடனை முழுவதும் அடைத்து விலகிவிடலாமா? அதற்கும் பெரும்பாலான நிறுவனங்கள் கட்டணம் வாங்குகின்றன. எஞ்சிய தொகை 7,500 ரூபாய். அதில் நூற்றுக்கு 4 என்று ஷரத்து இருந்தால் 300 ரூபாய், அதன்மேல் 18 சதவீத வரி 54 ரூபாய், ஆக 354 ரூபாய். வட்டியில்லாத் தவணையை முன்பே அடைப்பதால் வட்டி ஏதும் மிச்சமாவதில்லை. ஆகவே, கடனை முன்பே அடைப்பது எப்போதும் புத்திசாலித்தனம் என்று கருதிவிட வேண்டாம். இந்தக் குடும்பம் ஏப்ரல் தொடக்கத்தில் மே, ஜூன் தவணைகளுக்குரிய 2,500 ரூபாயைத் தனியே வங்கிக் கணக்கில் போட்டு அதைத் தொடாமல் இருந்தால், 354 ரூபாயும் வேண்டாம், 1,500 ரூபாயும் வேண்டாம். வட்டியுள்ள கடனாயின் கணக்கு வேறு. எஞ்சிய மாதங்களின் வட்டி எவ்வளவு, முன்பே அடைக்கும் கட்டணம் எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து, எது குறைவோ அதைச் செய்ய வேண்டும்.

இன்னும் நல்லது, வாங்கும் நாளிலேயே தவணையைக் கடலுக்கு ஏற்ப அமைத்துக்கொள்வது. அக்டோபரில் வாங்குகிறவர் ஆறு தவணையாகக் கேட்டால் ஏப்ரலோடு கடன் முடியும். மாதம் 2,500 ரூபாய் கட்ட வேண்டும். அது முடியாதென்றால் அந்தக் கைப்பேசி அந்தக் குடும்பத்துக்கு விலை மிகுந்தது என்று பொருள், 8,000 ரூபாய்க் கைப்பேசியைப் பார்க்க வேண்டும். தவணையின் எண்ணிக்கையை மேசைக்குப் பின்னால் இருப்பவர் தீர்மானிக்கலாகாது. நம் ஊரில் அதைக் கடலும் அறுவடையும் தீர்மானிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் எங்கே பார்த்து அறிவது? 2024 அக்டோபர் 1 முதல், தனிநபருக்குக் கொடுக்கும் புதிய தவணைக் கடன் ஒவ்வொன்றுக்கும் 'முக்கிய விவரத் தாள்' ஒன்றைக் கொடுக்க வேண்டுமென்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். ஆகவே, தமிழில் கேட்பது சலுகையன்று, உரிமை. கடனின் உண்மையான ஆண்டுச் செலவு, தவணை திரும்பினால் கட்டணம், முன்பே அடைத்தால் கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். அதில் எழுதாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதமின்றிப் பின்னர் வாங்க இயலாது. வட்டியில்லாத் தவணை என்று சொல்லிவிட்டு, நடைமுறைக் கட்டணம் என்ற பெயரில் ஒரு தொகையைச் சேர்த்திருந்தால் அதுவும் அந்தத் தாளில் அகப்பட்டுவிடும். கைப்பேசியிலேயே செயலி வழியாகக் கடன் வாங்கினால், தொடக்கத்தில் மனம் மாறி விலகுவதற்கு ஒரு குறுகிய கால இடைவெளி கொடுக்க வேண்டுமென்றும் விதியிருக்கிறது. அந்நாட்களுக்குள் அசலையும் அதுவரை ஆன செலவின் பங்கையும் திருப்பினால் அபராதம் கிடையாது. எத்தனை நாள் என்பதை அந்தத் தாளே சொல்லும்.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் அளிக்கும் கடன்களை முன்பே அடைத்தால் கட்டணமே இல்லை என்று செய்தித்தாளில் படித்தோமே என்று சிலர் கேட்கலாம். ரிசர்வ் வங்கி 2025 ஜூலையில் வெளியிட்ட அந்த விதி மாறும் வட்டிக் கடன்களுக்கு உரியது. வீட்டுக் கடன் வைத்திருப்போர் அதனால் பயன் பெறுவர். கைப்பேசித் தவணைக் கடன்கள் பொதுவாக நிலையான வட்டியிலோ வட்டியின்றியோ இருப்பதால் அவ்விதி அவற்றுக்கு உதவாது.

ஷரத்தில் கையொப்பமிட்டாயிற்று, தொகையோ அநியாயமாகத் தோன்றுகிறது, என்ன செய்வது? கையொப்பமிட்டதை முழுவதும் கொடுத்துத்தான் தீர வேண்டுமா? இதில் நம் புதுச்சேரிக்கென்று ஒரு சட்ட வரலாறே இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் இங்கே வழங்கிய சிவில் சட்டத் தொகுப்பு, ஒப்பந்தத்தை மீறுபவர் இன்ன தொகை கொடுப்பார் என்று எழுதியிருந்தால், நீதிபதி அதற்கு மேலும் அதற்குக் கீழும் அளிக்கலாகாது என்றது. எழுதியது எழுதியதே. பிரான்சிலேயே 1975-ஆம் ஆண்டில்தான் மிகையான தொகையைக் குறைக்கும் அதிகாரம் நீதிபதிக்குக் கிடைத்தது. ஆனால் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தொடக்கத்திலேயே வேறு வழியில் சென்றது. அதன் 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் தொகை எழுதப்பட்டிருந்தாலும், அத்தொகைக்கு மேற்படாமல் நியாயமான நஷ்டஈடு எவ்வளவோ அவ்வளவே கிடைக்கும். 1968-ஆம் ஆண்டின் சட்ட விரிவாக்கச் சட்டத்தின் வழியாக அது புதுச்சேரிக்கும் வந்தது. நம் பாட்டனார் காலத்தில் எழுதியதைக் கட்டியே தீர வேண்டியிருந்தது, நமக்கோ அது மேல்வரம்பு மட்டுமே.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. நுகர்வோரின் உரிமைகளைப் பெரிதும் பாதிக்கும்படி, நேர்ந்த நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிப்பதையும், உரிய கட்டணத்தோடு கடனை முன்பே அடைக்க வந்தவரிடம் வாங்க மறுப்பதையும் நியாயமற்ற ஒப்பந்தம் என்று அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஒப்பந்தமே நியாயமற்றது என்ற வழக்கு மாநில ஆணையத்துக்குப் போகும். சேவைக் குறைபாடு பற்றிய சாதாரண முறையீட்டை மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரையானால் அங்கே கட்டணமும் கிடையாது. தொலைபேசி வழக்குகளை நுகர்வோர் மன்றம் கேட்கலாகாது என்று ஒரு காலத்தில் திருப்பி அனுப்பினர். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வோடஃபோன் ஐடியா வழக்கில், கேட்கலாம் என்று தீர்ப்பளித்து அந்தத் தடையை நீக்கிற்று.

ஆனால் 300 ரூபாய்க்கும் 500 ரூபாய்க்கும் எல்லோரும் ஆணையத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் முறையிட்டு, முறையீட்டு எண்ணை வாங்கித் தேதியோடு எழுதி வையுங்கள். அந்த எண் இல்லாவிடில் நீங்கள் முறையிட்டதற்கே சாட்சி இல்லை. தொலைபேசி நிறுவனமாயின், அங்கே தீராதபோது அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் 30 நாளுக்குள் போக வேண்டும், அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நிதி நிறுவனமோ வங்கியோ ஆயின், எழுதிக் கொடுத்து 30 நாளாகியும் பதிலில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு விண்ணப்பிக்கலாம். எங்கே போவதென்றே தெரியவில்லையானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம்.

நேரம் ஆகிவிட்டது. உங்களில் பலர் கைப்பையில் தவணை அட்டைகளும் கடைத் தாள்களும் கொண்டு வந்திருப்பது தெரிகிறது. கூட்டம் கலைந்ததும் முன் வரிசையில் அமருங்கள், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். ஏப்ரல் மாதத்துக்குப் பிறகும் தவணை ஓடுகிறவர்களின் தாள்களை முதலில் எடுத்துக்கொள்வோம்.